நாலுபெட்டியின் படம்

அந்தத் தொப்பியை நாலுபெட்டி முகர்ந்து பார்த்திருக்கக் கூடாது. ஆனால் தலையில் கவிழ்த்துக்கொள்ளப் போகிற பொருளை எவன்தான் முகராமல் வைப்பான், சொல்லுங்கள். உள்ளே ஓடிய தோல்பட்டை கறுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. எந்தக் காலத்திலோ எவனோ விட்டுப்போன தலையெண்ணெயும் வியர்வையும் அதில் ஊறியிருந்தன. ஸ்டோர் ரூம் எலிகள் தங்கள் பங்குக்கு ஏதோ செய்துவிட்டுப் போயிருந்தன. காலையில் சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

நாலுபெட்டி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கைக்கு ஒன்று, கக்கத்துக்கு ஒன்று என்று நாலு பெட்டிகளை ஒரே நடையில் வாசலிலிருந்து லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோன காலத்தில், கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆனாலும் ‘பாய்’தான். பெல்பாய். தாடை நரைத்த மனிதனைப் பையன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஓட்டலில் அந்தச் சிவப்புத் தொப்பியையும் பித்தளைப் பொத்தான் கோட்டையும் தூக்கிக் கடாசிப் பதினைந்து வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் சாம்பல் நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, அவ்வளவுதான். ஆனால் லாபியில் ஒரு பழைய ஓவியம் இன்னும் தொங்குகிறது. சிவப்புக் கோட்டு, தாடைக்கு வார் போட்ட வட்டத் தொப்பி, துருத்திய காது, கையில் ஒரு பெட்டி. அந்தப் படத்தில் இருப்பவனைப் பார்த்தால் ஓர் ஆயுள் முழுக்க யாரும் அவனை உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றும். அதன் முன்னால் ஒரு புகைப்படக்காரி வந்து அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வந்தது வினை.

இங்கே வேலை செய்கிற ஐந்து பெல்பாய்களையும் அதே கோலத்தில் நிறுத்திப் படம் பிடித்து, பெரிதாக்கி, லாபியிலேயே கண்காட்சி வைக்கலாம் என்றாள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

மற்ற நாலு பேரும் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினார்கள். நாலுபெட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பி நாறியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் மாடிப்படியில் துடைத்த ஈரம் காயாமல் கிடந்தது. வழுக்கிவிட்டது. கையில் விருந்தாளியின் பெட்டி. பெட்டியைக் காப்பாற்றத் தெரிந்த உடம்புக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வலது தோளில் போய் விழுந்தார். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. அன்றிலிருந்து வலது கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை.

இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே கிடையாது. தூக்க முடியாதவனை ஓட்டல் வீட்டுக்கு அனுப்பாது. அவ்வளவு கல்நெஞ்சம் இல்லையாம். கீழே அனுப்பும். ‘கீழே’ என்றால் தரைக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஈரக்குப்பை அறை. நூற்றைம்பது அறைகளின் எச்சில், சமையலறைக் கழிவு, ஊசிப்போன பூங்கொத்து எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதைப் பிரித்துத் தொட்டிகளில் நிரப்ப வேண்டும். தரையில் எப்போதும் பழுப்பாக ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். இடுப்பு ஒடிந்து இரண்டு வருடத்துக்கு முன் கீழே போன மீசை என்பவர், மதியம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழையும்போதே நாற்றம் மூக்கைத் துளைக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் ஏதோ மறந்துவிட்ட மாதிரி எழுந்து வேறு மேஜைக்குப் போவார்கள். பதினெட்டு வருடம் அவரோடு சேர்ந்து பெட்டி தூக்கிய நாலுபெட்டியும் ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்தான். அதை நினைத்தால் அவருக்கே தன்மேல் காறித் துப்பத் தோன்றும். ஆனால் மறுநாளும் நகர்ந்து உட்கார்ந்தார்.

அதனால் மூன்று மாதமாக ஒரே வித்தை. பெட்டி எப்போதும் இடது கையில். கதவைத் திறக்க இடுப்பு. ட்ராலியில் ஏற்றத் தொடையால் ஓர் உந்து. வலது கையை முழங்கையிலிருந்து மட்டும் நீட்டி “இந்தப் பக்கம் வாங்க சார்” என்று பணிவாக வழிகாட்டுவார். பார்க்கிறவர்களுக்கு மரியாதை மாதிரி இருக்கும். ஒரு பயலும் கண்டுபிடிக்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பான்? லாபியில் எல்லாரும் பெட்டியைத்தான் பார்ப்பார்கள், தூக்குகிறவனை எவன் பார்க்கிறான். அந்த ஒரு தைரியத்தில்தான் அவர் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தி வந்து நிற்கிறாள்.

அவர் முறை வந்தது. தொப்பியின் வார் தாடையில் பட்டதும் செத்த பல்லி ஒட்டிக்கொண்ட மாதிரி உடம்பு சிலிர்த்தது. கோட்டு அக்குளில் பிடித்தது. புகைப்படக்காரி நாலு பழைய தோல்பெட்டிகளைக் காட்டினாள்.

“அண்ணா, உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன். நாலையும் ஒண்ணாத் தூக்கணும்.”

நாலுபெட்டி வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “ஃபுல்லாவா மேடம் இருக்கு?”

“காலிதான் அண்ணா, பயப்படாதீங்க. ஆனா வெயிட் இருக்கிற மாதிரி நடிக்கணும்.”

போன உயிர் திரும்பி வந்தது. காலிப் பெட்டியென்றால் வலது கைகூடத் தாங்கும். கைக்கு ஒன்று, கக்கத்துக்கு ஒன்று. வலது கக்கத்துப் பெட்டியை அவளுடைய உதவியாளே செருகிவிட்டான். செருகிவிட்டு, அவன் ஒரு புட்டியை எடுத்து அவர் முகத்தில் புஸ் புஸ்ஸென்று அடித்தான்.

“என்னங்க இது?”

“கிளிசரின் தண்ணி. வியர்வை போதலை,” என்றாள் அவள் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

வேலையில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அறைக்கதவைத் தட்டுமுன் வியர்வையைத் துடை, மூச்சை அடக்கு, பெட்டி தானாக நடந்து வந்த மாதிரி நில். இத்தனை வருடமாக இந்த லாபியில் தன் வியர்வையை ஒருத்தர் கண்ணிலும் காட்டாத மனிதர் அவர். இப்போது எவனோ புட்டியில் கலந்த வியர்வை புருவத்தில் கோத்து, மூக்கில் வழிந்து, உதட்டில் இனித்தது. வியர்வை இனிக்குமா? அந்த இனிப்பை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் குமட்டும்.

“சிரிக்காதீங்க அண்ணா. வாயை லேசாத் திறங்க. கண்ணுல அவமானம் வேணும்.”

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நிறையவே கிடைத்திருக்கும், தொப்பியை முகர்ந்தபோது. ஆனால் நாலுபெட்டி கெட்டிக்காரர். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நடித்தார். தோளை இறக்கினார், முழங்காலை மடக்கினார், கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தார். மற்ற நாலு பேரும் பெட்டியைப் பூனைக்குட்டி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றவர்கள். இவர்தான் அசல் பாரம் தூக்கினார். “சூப்பர் அண்ணா,” என்று அவள் குதித்தாள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமைதான் கழுத்தை அறுக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

பத்து நாளில் ஐந்து படங்களும் லாபிச் சுவரில் ஏறின. நடுநாயகமாக நாலுபெட்டி. தொடை உயரத்துக்குக் கனத்த மரச்சட்டம், கண்ணாடி, கீழே ஓர் அட்டை. அட்டையில் ‘சுமை’ என்று போட்டிருந்தது. பெயர் கிடையாது. அவள் கேட்கவும் இல்லை.

படத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, அருவருப்பு. வாய் பிளந்து கிடந்தது. யார் முன்னாலும் அவர் அப்படி வாயைப் பிளந்ததில்லை. முகமெல்லாம் பளபளவென்று ஏதோ வழிந்தது. எச்சில் தட்டைக் கழுவாமல் சுவரில் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. இதன் முன்னால் வந்து நின்று “பாவம்” என்றார்கள். “கண்ணைப் பாருங்க, என்ன ஒரு வலி” என்றார்கள். இரண்டு பெண்கள் படத்துப் பெட்டியின் அடியில் கையை வைத்து, தாங்கிப் பிடிக்கிற மாதிரி நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய நிஜப் பெட்டிகளை இடது கையில் பிடித்துக்கொண்டு நாலுபெட்டி பின்னாலேயே நின்றார். எடுத்து முடித்ததும் அதில் ஒருத்தி திரும்பி, “என்னப்பா, லிஃப்ட் எங்க?” என்றாள். படத்தில் வழிந்த இரக்கம் முழுவதும் கண்ணாடிக்கு உள்ளேயே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்து அந்தப் படத்தின் முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். நாலுபெட்டி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஏனென்றால் மேனேஜர் என்ன வேலையில் ஆரம்பித்தவர் என்று ஓட்டலில் இப்போது இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். இவரும் நாலுபெட்டியும் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். ஒரே கோட்டு, ஒரே தொப்பி. பிறகு அவர் இரவுப் படிப்புப் படித்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“பெட்டி காலிதானே?”

“ஆமா சார். அந்த மேடம் கொண்டுவந்தது.”

“நல்லாத்தான் நடிச்சிருக்கே. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சிருக்கு.” மேனேஜர் பேனாவை மூடினார். “ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பெட்டி. நிஜமாவே கனமா இருந்தா ரெண்டு தோளும் சேர்ந்துதானே இறங்கும்? உன் படத்துல இடது தோள் மட்டும்தான் இறங்கியிருக்கு. வலது பக்கம் பெட்டி காத்துல ஆடுது.”

நாலுபெட்டியின் இடது கை வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

“பாரம் இருக்கிற மாதிரி நடிக்கும்போதுகூட வலது கைக்கு ஞாபகம் வரலை. அந்தக் கையால தூக்கி ரொம்ப நாள் ஆச்சுன்னு அர்த்தம். ஊர்ல எவனுக்கும் தெரியாது. எனக்குத் தெரியாதாடா? எத்தனை மாசமா?”

“மூணு.”

“எப்படி?”

“படியில வழுக்கிட்டேன்.”

“பெட்டி?”

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகலை சார்.”

அந்தப் பதிலைக் கேட்டு மேனேஜர் தலையை ஆட்டினாரே, பாராட்டுகிற மாதிரி, அந்த ஆட்டல்தான் நாலுபெட்டிக்குத் தாங்க முடியாமல் போனது. கையைக் கேட்காமல் பெட்டியைக் கேட்டானே பாவி என்று மனசு கொதித்தது. கேட்காமலேயே அதைச் சொல்லக் காத்திருந்த தன் வாயையும் சேர்த்துத்தான் திட்டினார்.

“உன்னைக் கீழே அனுப்பணும்னு எனக்கு ஆசையா?” என்றார் மேனேஜர். “ஒண்ணு பண்ணு. படத்தை ஒருத்தர் வாங்கிட்டாரு. வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போக வர்றாரு. நீதான் கொண்டுபோய் வண்டியில வைக்கணும். வலது கையால. நான் வாசல்ல நின்னு பார்ப்பேன். வச்சிட்டேன்னா நான் எதையும் பார்க்கலை. இல்லேன்னா திங்கக்கிழமையிலேருந்து கீழே. என்னால இவ்வளவுதான் முடியும்.”

பெரிய தர்மப் பிரபு மாதிரி சொன்னார். நாலுபெட்டியும் “ரொம்ப நன்றி சார்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

வீட்டில் அவர் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மிதியை நிறுத்தினாள். “கட்டிப்போட்ட குரங்குகிட்டகூட இப்படி வித்தை காட்டச் சொல்ல மாட்டாங்க,” என்றாள்.

“நீ வேற. அந்தத் தண்ணிக் கேனைக் கொண்டா.”

நாலு நாள் பயிற்சி நடந்தது. இருபது லிட்டர் கேனை வலது கையால் தூக்கிக் கட்டில்மேல் வைக்க வேண்டும். முழங்கால் வரைக்கும் வரும். இடுப்புக்கு வரும். அங்கே தோளுக்குள் யாரோ ஆணி அடிப்பான். கேன் தொப்பென்று விழும். அவள் ஒவ்வொரு முறையும் தரையைத் துடைத்தாள். சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒருநாள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை தூக்கி வச்சிடறீங்கன்னே வச்சுக்குவோம். சனிக்கிழமை வேற பெட்டி வராதா?”

“அதை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“அப்புறம்னா எப்போ? கை கழண்டு கீழே விழுந்த அப்புறமா?”

“கீழே போனா நாறுவேன்டி. நீயே பக்கத்துல வர மாட்டே.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “மூணு மாசமா நீங்க பொய் சொல்லிட்டுத் திரியற நாத்தத்தையே சகிச்சிட்டுத்தானே இருக்கேன். குப்பை நாத்தம் குளிச்சாப் பாதியாவது போகும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேனை எடுத்து மறுபடி நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. படத்தை வாங்கினவர் வாசனைத் திரவியத்தில் குளித்து வந்திருந்தார். பத்தடி தூரத்திலேயே தொண்டையை அடைத்தது. படத்தைக் குமிழ் வைத்த பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே கயிற்றால் ஒரு பிடி கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக்குக்குள் நாலுபெட்டியின் முகம் தண்ணீரில் ஊறிய பிணம் மாதிரி உப்பித் தெரிந்தது.

புகைப்படக்காரியும் வந்திருந்தாள். “அண்ணா, நீங்களே உங்க படத்தைத் தூக்கிட்டுப் போறீங்களா? ஐயோ, இதை நான் எடுத்தே ஆகணும்,” என்று கேமராவின் மூடியைக் கழற்றினாள். நாலுபெட்டிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கயிற்றை வலது கையில் பிடித்தார். கை தொங்கியபடி இருக்கும்வரை கனத்தைத் தாங்கும். முப்பது கிலோ இருக்கும். தோளிலிருந்து விரல்வரை ஒரு நெருப்புக் கம்பி ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வாங்கினவர் கூடவே நடந்து வந்தார்.

“பார்த்துப்பா, மெதுவா. அதுல இருக்கிற ஆளோட கண்ணைப் பார்த்திருக்கியா நீ? ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கத் தூக்கின பாரம் அப்படியே கண்ணுல நிக்குது. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை.”

“சரிங்க சார்,” என்றார் நாலுபெட்டி. நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. இது புட்டியில் வந்தது இல்லை, உப்புக் கரித்தது. வாங்கினவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வண்டி உயரமானது. பின்கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்தரை நாலுபெட்டியின் நெஞ்சுக்கு நேராக இருந்தது. வாசல் கண்ணாடிக்குப் பின்னால் மேனேஜர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நாலுபெட்டி தூக்கினார். படம் தரையை விட்டு எழும்பியது. கை இடுப்புக்கு வந்தது. அங்கே ஆணி இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கை தானாக உதவிக்கு வரப் பார்த்தது. அதை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொரு முறை தூக்கினார். படம் அவர் தொடையில் இடித்துக்கொண்டு கீழே இறங்கியது. உப்பிய முகம் அவரையே பார்த்து வாயைப் பிளந்தது. கிளிக் கிளிக்கென்று கேமரா சத்தம் கேட்டது.

சீ என்று ஆகிவிட்டது. யார்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாறும் தொப்பிமேல், இனிக்கிற வியர்வைமேல், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவன்மேல். எல்லாவற்றையும்விட, இதை எப்படியாவது தூக்கி வைத்து நல்ல பெயர் வாங்கிவிடத் துடித்துக்கொண்டிருந்த தன் உடம்பின்மேல். சனிக்கிழமை வேற பெட்டி வராதா என்ற குரல் காதுக்குள் கேட்டது. படத்தைத் தரையில் வைத்தார்.

“சார்,” என்றார். “ஒரு கை குடுங்க.”

எந்த பெல்பாயும் எந்த விருந்தாளியிடமும் கேட்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். உயிரே போனாலும் கேட்கக் கூடாது. வாங்கினவருக்கு முதலில் புரியவே இல்லை. “யாரு, நானா?” என்றார்.

“ஆமா சார். எனக்கு வலது கை தூக்க வராது. அந்த முனையைப் பிடிங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் நின்ற மற்ற பெல்பாய்கள் யாரும் அசையவில்லை, மேனேஜரின் உத்தரவு அப்படி. வேறு வழியில்லாமல், சாக்கடையில் விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி இரண்டு விரலால் சட்டத்தைத் தொட்டார். “நல்லாப் பிடிங்க சார், கண்ணாடி,” என்றார் நாலுபெட்டி. அவர் குனிந்து நன்றாகப் பிடித்தார். முகம் சிவந்து, வாய் பிளந்துகொண்டது. நிஜ வியர்வை அவருக்கும் வந்தது.

கேமரா அவர் பக்கம் திரும்பியது.

“என்னை எடுக்காதீங்க மேடம்,” என்று வாங்கினவர் சீறினார். “அசிங்கமா இருக்கும்.”

“சாரி சார், சாரி,” என்று அவள் உடனே கேமராவை இறக்கிவிட்டாள். ஒரு சொல்லில் இறக்கிவிட்டாள். நாலுபெட்டி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இரண்டு பேருமாகப் படத்தை உள்ளே தள்ளினார்கள். வாங்கினவர் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் முதல் தடவையாக நாலுபெட்டியின் முகத்தைப் பார்த்தார். “உன்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே.”

“இருக்காது சார்,” என்று சொல்லிவிட்டு நாலுபெட்டி கதவைச் சாத்தினார்.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். “வச்சாச்சா?” என்றார், பார்க்காதவர் மாதிரி.

“வச்சாச்சு சார். அவரும் பிடிச்சாரு, நானும் பிடிச்சேன். திங்கக்கிழமை வரைக்கும் என்னத்துக்கு, இன்னைக்கே கீழே போறேன்.”

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தார். “டேய்” என்று பழைய குரலில் ஆரம்பித்தார். நாலுபெட்டி நிற்கவில்லை.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் மீசை வழக்கம்போல ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலு நாற்காலி காலி. நாலுபெட்டி இடது கையில் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கைப் பொத்தாமல் முதல் வாயை விழுங்கினார்.

மீசை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “மேல உன்னைப் பெருசாப் படம் எடுத்து மாட்டியிருக்காங்களாமே. எனக்குத்தான் மேல வர அனுமதி இல்லை. நல்லா இருந்துச்சா?”

“நாறிச்சு,” என்றார் நாலுபெட்டி. “அந்தத் தண்ணியை இப்படி நகர்த்துங்க.”